பவுண்ட், ஸ்லக், ஸ்லிஞ்ச், டன்: நிறைக்கு எந்த அலகில் கணக்குப் போடுவது?

பெங்களூரில் வைட்ஃபீல்ட் தொடங்கி எலக்ட்ரானிக் சிட்டி வரை, அமெரிக்க நிறுவனங்களுக்காக விமானப் பாகங்களையும் டர்பைன்களையும் கணக்குப் போட்டுச் சரிபார்க்கும் குழுக்கள் நிறைய. தமிழ்ப் பேச்சு கேட்காத மேசை வரிசை அங்கே குறைவு. கோவையிலும் சேலத்திலும் திருச்சியிலும் கிலோகிராம், நியூட்டன், மீட்டர் என்று படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு முதல் வாரமே அங்குலமும் பவுண்டும் போட்ட டிராயிங் வந்துவிடும். நீளத்தைப் பற்றிக் கவலை இல்லை, 25.4-ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர். நிறைக்கு வரும்போதுதான் பக்கத்து மேசையிலிருந்து கேள்வி வரும்: "அண்ணா, ஸ்டீல் டென்சிட்டிக்கு 0.284 போடணுமா, இல்ல அந்தப் பத்தின் மைனஸ் நாலுன்னு வர்ற எண்ணா?" இரண்டும் ஸ்டீலின் அடர்த்திதான். எதைப் போடுவது என்பது குழு முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டிய ஒரு முடிவைப் பொறுத்தது. அந்த முடிவை எடுக்க உதவுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். பவுண்ட் நிறைக்கும் அலகு, விசைக்கும் அலகு. 1959-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகள் ஒப்புக்கொண்டபடி ஒரு பவுண்ட் நிறை என்பது மிகச் சரியாக 0.45359237 கிலோகிராம். அந்த நிறையைப் பூமி இழுக்கும் விசை ஒரு பவுண்ட்-விசை, அதாவது 4.448 நியூட்டன். தராசில் வைக்கும்வரை இரண்டுக்கும் ஒரே எண், அது பெரிய வசதி. ஆனால் விசை = நிறை × முடுக்கம் என்ற சூத்திரத்தில் இரண்டையும் அப்படியே போட்டால் கணக்கு உடைந்துவிடும். ஒரு பவுண்ட்-விசை ஒரு பவுண்ட் நிறைக்குத் தரும் முடுக்கம், அடியில் சொன்னால் 32.174, அங்குலத்தில் சொன்னால் 386.09. இந்த எண்ணை யாராவது எங்காவது கணக்குக்குள் கொண்டுவந்தே ஆக வேண்டும். கீழே வரும் நான்கு வழிகளும் அந்த வேலையை வெவ்வேறு இடத்தில் செய்கின்றன, அவ்வளவுதான். எந்த வழியில் அந்த மாற்றம் ஒரே ஓர் இடத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நடக்கிறதோ அதுவே நல்ல வழி என்பது என் கட்சி.

ஒரு சின்ன உதாரணத்தை வைத்துக்கொண்டால் பேசுவது எளிது. 12 பவுண்ட் எடையுள்ள ஒரு மின்னணுப் பெட்டி, அதைத் தாங்கும் அலுமினிய பிராக்கெட்டின் ஸ்டிஃப்னஸ் (விறைப்பு, ஓர் அங்குலம் வளைக்கத் தேவையான விசை) அங்குலத்துக்கு 20,000 பவுண்ட்-விசை. இயல்பு அதிர்வெண் என்ன? சரியான விடை 127.7 ஹெர்ட்ஸ். நிறைக்கு 12 என்று அப்படியே போட்டால் 6.5 ஹெர்ட்ஸ் வரும். 12-ஐ 32.174-ஆல் வகுத்து ஸ்லக்காக்கி (அடிக்கு ஏற்ற நிறை அலகு, கீழே வருகிறது), ஸ்டிஃப்னஸை மட்டும் அங்குலத்திலேயே விட்டுவிட்டால் 36.9 ஹெர்ட்ஸ் வரும். முதல் தவறு உடனே கண்ணை உறுத்தும், எந்த பிராக்கெட்டும் 6.5 ஹெர்ட்ஸில் ஆடாது. இரண்டாவதுதான் ஆபத்து. 37 ஹெர்ட்ஸ் நம்பக்கூடிய எண். அதை நம்பி ஒருவர் பிராக்கெட்டைத் தடிமனாக்குவார், தேவையில்லாத எடை விமானத்தில் ஏறும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஜி-சி போட்டு வகுப்பது

பழைய வழி இது. நிறையைப் பவுண்டிலேயே வைத்துக்கொண்டு, சூத்திரத்தில் முடுக்கம் வரும் ஒவ்வோர் இடத்திலும் 32.174-ஆல் வகுப்பது. அந்த மாறிலிக்கு ஜி-சி என்று பெயர். வினாடிக்கு 100 பவுண்ட் காற்றை உள்ளே இழுத்து அதன் வேகத்தை வினாடிக்கு 1000 அடி கூட்டும் எஞ்சின் என்றால், 100 × 1000 ÷ 32.174, ஆக 3108 பவுண்ட் உந்துவிசை.

டர்பைன், கம்ப்ரஸர், வெப்பப் பரிமாற்றம் பார்க்கும் குழுக்களுக்கு இது பொருந்தும். அவர்களுடைய ஓட்டம் வினாடிக்கு இத்தனை பவுண்ட், வெப்பம் ஒரு பவுண்டுக்கு இத்தனை பிடியு (பிரிட்டிஷ் வெப்ப அலகு). நிறை உள்ளே வந்து வெளியே போகிறதே தவிர, பெரும்பாலான சமன்பாடுகளில் முடுக்கம் பெறுவதே இல்லை. அப்படியிருக்க ஸ்லக்குக்கு மாற்றினால் வீண் வேலைதான் கூடும். ஆனால் அதிர்வு, மோதல், சுழற்சி என்று இயக்கம் வந்துவிட்டால் இந்த வழி வேண்டாம். எந்தச் சூத்திரத்தில் வகுக்க வேண்டும், எதில் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் ஆள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், பாகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்குப் போடும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளுக்கு ஜி-சி என்றால் என்னவென்றே தெரியாது.

ஸ்லக்

ஒரு ஸ்லக் என்பது 32.174 பவுண்ட், அதாவது 14.594 கிலோகிராம். ஒரு பவுண்ட்-விசை ஒரு ஸ்லக்கைச் சரியாக ஓர் அடி முடுக்கும், அதனால் சூத்திரத்தில் வகுத்தல் எதுவும் தேவையில்லை. காற்றியக்கவியல் படித்தவர்களுக்கு இது பழக்கமான அலகு. கடல்மட்டத்தில் தர வளிமண்டலத்தின் அடர்த்தி கன அடிக்கு 0.002377 ஸ்லக். வேகம் வினாடிக்கு 300 அடி என்றால் பாதி × அடர்த்தி × வேகத்தின் வர்க்கம், சதுர அடிக்கு 107 பவுண்ட் என்று நேராக வந்துவிடும். சுமைக் கணக்குப் போடும் குழு, விமானத்தின் செயல்திறன் பார்க்கும் குழு எல்லோரும் அடியில் யோசிப்பவர்கள். அவர்கள் ஸ்லக்கை விடத் தேவையில்லை.

நம்மில் பெரும்பாலோர் அங்குலத்தில் வேலை செய்கிறோம் என்பதுதான் தடை. டிராயிங் அங்குலம், மாடல் அங்குலம், அழுத்தம் சதுர அங்குலத்துக்கு. அங்கே ஸ்லக்கைக் கொண்டுவந்தால் 12 மடங்கு பிழை உள்ளே புகும். மேலே பார்த்த 37 ஹெர்ட்ஸ் அப்படி வந்ததுதான், 12-இன் வர்க்கமூலம் 3.46, சரியான விடை அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது. ஃபிளட்டர் (காற்றோட்டத்தால் இறக்கை தானே அதிர்வது) கணக்குக்காகக் காற்றின் அடர்த்தியை அங்குல மாடலுக்குள் கொண்டுபோகும்போதும் இதே கதை. அங்கே கன அடிக்கு 1728, நிறை அலகுக்கு இன்னொரு 12, ஆக 20,736-ஆல் வகுக்க வேண்டும், 1.146 × 10⁻⁷ வர வேண்டும். 1728-ஆல் மட்டும் வகுத்து நிறுத்திவிட்டால் காற்று 12 மடங்கு கனமாகிவிடும். ஆக, நீளம் அடியா அங்குலமா என்று பார்த்தாலே ஸ்லக் வேண்டுமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.

ஸ்லிஞ்ச், அதன் இரண்டு வேடங்கள்

அங்குலத்துக்கு ஏற்ற நிறை அலகு, 12 ஸ்லக்குக்குச் சமம்: 386.09 பவுண்ட், 175.13 கிலோகிராம். சிலர் ஸ்லிஞ்ச் என்பார்கள், சிலர் பிளாப். பல அலுவலகங்களில் பெயரே இல்லாமல் "எல்பிஎஃப் செகண்ட் ஸ்கொயர் பை இன்ச்" (பவுண்ட்-விசை × வினாடி வர்க்கம் ÷ அங்குலம்) என்று முழு நீளத்துக்குச் சொல்வார்கள். உலகத்தில் எந்தத் தராசும் இந்த அலகில் எடை காட்டாது, எந்தக் கேட்டலாகிலும் அச்சிட்டிருக்காது. ஆனாலும் அங்குல மாடலில் இதைத் தவிர வேறு அலகில் இயக்கக் கணக்குச் சரியாக வராது. ஸ்டீலின் அடர்த்தி கன அங்குலத்துக்கு 0.284 பவுண்ட் என்பதை 386.09-ஆல் வகுத்தால் 7.36 × 10⁻⁴. 6061 அலுமினியத்துக்கு 0.098-லிருந்து 2.54 × 10⁻⁴. டைட்டானியம் 6-4-க்கு 0.160-லிருந்து 4.14 × 10⁻⁴. நம் பக்கத்து மேசைத் தம்பி கேட்ட மைனஸ் நாலு எண் இதுதான்.

இந்த மாற்றத்தைச் செய்ய இரண்டு முறைகள் உண்டு, குழுக்கள் மோதிக்கொள்வதும் இங்கேதான். ஒன்று, அடர்த்தியை முதலிலேயே வகுத்து ஸ்லிஞ்சில் உள்ளிடுவது. மற்றொன்று நாஸ்ட்ரான் என்ற ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களின் வழக்கம். அடர்த்தி, தனி நிறைகள் எல்லாவற்றையும் பவுண்டிலேயே கொடுத்துவிட்டு, டபிள்யூ.டி.மாஸ் என்ற பாராமீட்டரில் 0.00259 என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது. 1-ஐ 386.09-ஆல் வகுத்தால் வரும் எண் அது.

இரண்டாவது முறைக்கு நல்ல நியாயம் இருக்கிறது. அமெரிக்க விமானப் பொருட்களுக்கான எம்.எம்.பி.டி.எஸ். கையேட்டில் அடர்த்தி பவுண்டில்தான் இருக்கிறது, அதை அப்படியே பார்த்துப் போடலாம். மென்பொருள் அச்சிடும் மொத்த எடையும் நீங்கள் கொடுத்த அலகிலேயே, பவுண்டாகவே வெளிவரும். எடைப் பட்டியலோடு ஒரு நிமிடத்தில் ஒப்பிட்டுவிடலாம். மாற்றம் நடப்பது ஒரே வரியில். நான் மேலே சொன்ன அளவுகோலின்படி இதுவே வெற்றி பெற வேண்டும்.

ஆனால் அந்த வரி மாடலோடு எப்போதும் கூடவே போவதில்லை. முதலில், டபிள்யூ.டி.மாஸ் எல்லாவற்றையும் தொடாது. வேறொரு குழு சுருக்கிக் கொடுத்த நிறை மேட்ரிக்ஸை நேரடியாகச் சேர்க்கும்போது அது தானாகப் பெருக்கப்படாது. ஏற்கெனவே ஸ்லிஞ்சில் வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கென இருக்கும் தனிப் பாராமீட்டரைப் போட வேண்டும். அடுத்து, மாடல் இன்னொரு மென்பொருளுக்குப் போகும்போது சிக்கல். நேரிலா (நான்லீனியர்) ஆய்வுக்காக அபாகஸ் என்ற மென்பொருளுக்கு மாற்றினால், அங்கே அப்படியொரு பாராமீட்டரே கிடையாது. அடர்த்தி 0.284 மட்டும் போய் உட்கார்ந்துகொள்ளும், ஸ்டீல் 386 மடங்கு கனமாகிவிடும்.

மூன்றாவதாக ஒரு பொறி இருக்கிறது, அதைத்தான் அதிகம் எச்சரிக்க விரும்புகிறேன். ஸ்டாட்டிக் ஆய்வு (அசைவில்லாத நிலைச் சுமை) மட்டும் பார்ப்பவர்கள் அடர்த்தியைப் பவுண்டில் போட்டு, ஈர்ப்பு முடுக்கத்துக்கு வெறும் 1 என்று கொடுத்துவிடுவார்கள். பவுண்ட் × 1 = பவுண்ட்-விசை. சுமை சரி, தாங்குவிசை சரி, அழுத்தம் சரி, ரிப்போர்ட்டும் ஒப்புதல் வாங்கிவிடும். ஆறு மாதம் கழித்து அதே மாடல் அதிர்வு ஆய்வுக்கு இன்னொருவர் கையில் வரும். "கிளையன்ட் ஒப்புக்கொண்ட மாடல்" என்ற நம்பிக்கையில் அவர் அப்படியே ஓட்டுவார். எல்லா அதிர்வெண்ணும் 19.65 மடங்கு குறைந்து வரும். நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாடலில் பிழை என்று யாரும் சந்தேகிக்காமல், இணைப்புகள் தளர்ந்திருக்கின்றனவா என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

அதனால் புதிதாகத் தொடங்கும் அங்குல மாடல் என்றால் என் தேர்வு முதல் முறைதான். அடர்த்தியை ஸ்லிஞ்சிலேயே எழுதுங்கள், ஈர்ப்புக்கு 386.09 கொடுங்கள், டபிள்யூ.டி.மாஸ் வேண்டாம். மாற்றம் பொருள் அட்டையிலேயே (மாடலில் பொருளின் பண்புகளைக் கொடுக்கும் வரி) முடிந்துவிடுகிறது, மாடல் எங்கே போனாலும் அதுவும் கூடப் போகிறது. பக்கத்தில் கருத்துரை வரியாகப் பவுண்ட் அடர்த்தியையும் எழுதி வைத்தால் சரிபார்ப்பவர் வாழ்த்துவார். மொத்த நிறையை 386.09-ஆல் பெருக்கி எடைப் பட்டியலோடு ஒப்பிடுவது கூடுதல் வேலைதான், அந்த வேலையே ஒரு நல்ல சோதனையாகவும் அமைகிறது.

சுழலும் பாகங்களுக்கு ஒரு குறிப்பு. நிலைமத் திருப்புத்திறன் கேட்டலாகுக்குக் கேட்டலாக் மாறும்: மோட்டாருக்குப் பவுண்ட்-சதுர அங்குலம், சிறிய சர்வோவுக்கு அவுன்ஸ்-அங்குலம்-வினாடி வர்க்கம், விமானத்துக்கு ஸ்லக்-சதுர அடி. கடைசியில் சொன்னது ஒன்று, 4633 பவுண்ட்-சதுர அங்குலத்துக்குச் சமம். ஸ்லிஞ்ச் மாடலில் போட அதை 12-ஆல் பெருக்க வேண்டும், பவுண்ட்-சதுர அங்குலத்தை 386.09-ஆல் வகுக்க வேண்டும், அவுன்ஸ் கணக்கில் வந்ததை 16-ஆல் வகுத்தாலே போதும், அதற்குள் ஈர்ப்பு ஏற்கெனவே கழிந்திருக்கிறது. இந்த மூன்றாவதை மறுபடி 386-ஆல் வகுத்துவிடுகிறவர்கள் உண்டு.

32.174-ஐ எத்தனை இலக்கம்வரை எடுப்பது என்றும் கேட்பார்கள். 1901-ல் நிர்ணயித்த தர ஈர்ப்பு 9.80665 மீட்டர் என்பதிலிருந்து வருவது அது, அங்குலத்தில் 386.0886. பெங்களூரின் உண்மையான ஈர்ப்பு சுமார் 9.78 என்பதால் அதைப் போட வேண்டுமோ என்று சிலர் நினைக்கலாம். வேண்டாம், இது இடத்தைப் பொறுத்த எண் கிடையாது, அலகின் வரையறைக்குள் இருக்கும் எண். சில பழைய மாடல்களில் 32.2-ஐ 12-ஆல் பெருக்கி 386.4 என்று இருக்கும். வித்தியாசம் 0.08 விழுக்காடுதான், அதிர்வெண்ணில் அதன் பாதி. ஆனால் ஒரே மாடலில் ஓரிடத்தில் 386.4, இன்னோரிடத்தில் 386.09 என்று இருந்தால் எடைப் பட்டியல் ஒத்துப்போகாமல் அரை நாள் போய்விடும். ரேண்டம் அதிர்வு உள்ளீட்டில் இந்த எண் வர்க்கமாக வரும் என்பதையும் மறக்க வேண்டாம்: ஒரு ஜி-வர்க்கம், அதாவது ஈர்ப்பு முடுக்கத்தின் வர்க்கம், அங்குலக் கணக்கில் 149,064.

எல்லாவற்றையும் மெட்ரிக்குக்கு மாற்றிவிட்டால்?

நம் ஊர்ப் படிப்புக்கு இது இனிக்கும். நீளம் மில்லிமீட்டர், விசை நியூட்டன், நிறை டன். இந்த டன் 1000 கிலோ மெட்ரிக் டன். ஸ்டீல் 7.85 × 10⁻⁹, அழுத்தம் நேராக மெகாபாஸ்கல், ஈர்ப்பு 9806.65. நம் பிராக்கெட்டில் 12 பவுண்ட் 0.005443 டன், ஸ்டிஃப்னஸ் 3502.5, விடை மறுபடியும் 127.7. இதில் நிறையும் விசையும் ஒரே பெயரில் குழம்ப வழியே இல்லை.

ஆனால் மாற்றம் எத்தனை இடத்தில் நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். டிராயிங்கின் ஒவ்வொரு தடிமனும், ஒவ்வொரு சுமையும், ஒவ்வொரு பொருளின் வலிமையும், கடைசியில் ரிப்போர்ட்டில் அழுத்தம் மறுபடி கேஎஸ்ஐ-க்கும் (சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்ட்). எல்லாமே தனித்தனியாகச் சரி பார்க்க வேண்டிய இடங்கள். 0.063 அங்குலத் தகடு 1.6002 மில்லிமீட்டர், அதை 1.6 என்று போடுவதில் தவறில்லை. ஆனால் இன்னொருவர் 1.5 தகடு கிடைக்கிறதே என்று மாற்றினால் அங்கே வளைவு ஸ்டிஃப்னஸ் 18 விழுக்காடு போய்விட்டது.

மாற்றம் பல கைகளில் சிதறினால் என்ன ஆகும் என்பதற்கு 1983 ஜூலை 23-ஐவிட நல்ல சான்று இல்லை. ஏர் கனடாவின் போயிங் 767 மாண்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் புறப்பட வேண்டும், 22,300 கிலோ எரிபொருள் தேவை. எரிபொருள் மீட்டர் வேலை செய்யவில்லை, குச்சி அளவில் தொட்டியில் 7,682 லிட்டர். லிட்டருக்கு 0.803 கிலோ என்று பெருக்க வேண்டிய இடத்தில் 1.77 என்று பெருக்கினார்கள். அது லிட்டருக்குப் பவுண்ட் கணக்கு, நிறுவனத்தின் மற்ற விமானங்களில் பழகிய எண். 13,597 கிலோ ஏற்கெனவே இருக்கிறது என்று நினைத்து 4,917 லிட்டர் மட்டும் நிரப்பினார்கள். 20,088 லிட்டர் நிரப்பியிருக்க வேண்டும். நடுவானில் இரண்டு எஞ்சினும் அணைந்து, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் சறுக்கிக்கொண்டே இறக்கினார்கள். விமானத்தில் 69 பேர், எல்லோரும் பிழைத்தார்கள். அங்கே யாருக்கும் பெருக்கல் தெரியாமல் இல்லை. புதிய விமானம் கிலோவில், பழக்கம் பவுண்டில், மாற்றும் பொறுப்பு யாருடையது என்பது தெளிவாக இல்லை.

அதனால் மெட்ரிக் மாடலை நான் பரிந்துரைப்பது ஒரு சூழலுக்குத்தான்: வடிவமும் இங்கேயே வரையப்பட்டு, பாகமும் பீன்யாவிலோ ஓசூரிலோ கோவையிலோ தயாராகி, சோதனையும் இங்கேயே நடக்கும்போது. அப்போது அமெரிக்கரிடமிருந்து வருவது சுமைகளும் எடை வரம்பும் மட்டுமே. அவற்றை ஒரே தாளில் மாற்றி, ஒருவர் கையெழுத்துப் போட்டு, அதன்பிறகு பவுண்டை மறந்துவிடலாம். டிராயிங்கே அங்குலத்தில் வந்தால் அங்குலத்திலேயே இருங்கள். கிளையன்ட் ஏற்கெனவே ஒரு பெரிய மாடல் வைத்திருந்து அதில் உங்கள் பாகத்தைச் சேர்க்கப் போகிறார் என்றால் தேர்வு உங்களுடையது இல்லை. அவர் டபிள்யூ.டி.மாஸ் வைத்திருந்தால் நீங்களும் பவுண்டிலேயே கொடுங்கள். நம் கொள்கையை அங்கே நிலைநாட்டப் போனால் ஒரே மாடலில் இரண்டு வழக்கம் கலந்துவிடும், நான்கு வழிகளையும்விட மோசமானது அந்தக் கலவைதான்.

எதைத் தேர்ந்தாலும் மாடலை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது மூன்று எண்களை முதல் வரியில் எழுதிக் கொடுங்கள்: ஸ்டீலின் அடர்த்தி, ஈர்ப்பு முடுக்கம், டபிள்யூ.டி.மாஸின் மதிப்பு. 7.36 × 10⁻⁴, 386.09, 1.0 என்று பார்த்தவுடன் வாங்குபவருக்கு எல்லாம் விளங்கிவிடும். 0.284, 386.09, 0.00259 என்றாலும் சரிதான். 0.284, 1.0, 1.0 என்று இருந்தால் அது ஸ்டாட்டிக்குக்கு மட்டும் ஆன மாடல், அதிர்வுக்கு ஓட்டாதீர்கள்.

தயாரித்த பாகத்தை எடை போடுவதும் டன் விவகாரமும் மிச்சம். பட்டறைத் தராசு கிலோவில் காட்டும், டிராயிங்கில் உச்ச எடை பவுண்டில் இருக்கும். 2.2-ஆல் பெருக்குவதை விட்டு 2.2046 போடுங்கள், 100 கிலோவில் அரை பவுண்டுக்கு நெருக்கமான வித்தியாசம் விழுகிறது, எடை வரம்பை ஒட்டிய பாகம் அதில் தப்பிவிடும் அல்லது மாட்டிவிடும். டன்னைப் பொறுத்தவரை அமெரிக்க டன் 2000 பவுண்ட், 907 கிலோ. பழைய பிரிட்டிஷ் டன் 2240 பவுண்ட், 1016 கிலோ. நம்முடையது 1000 கிலோ. தூக்கும் வளையத்திலோ கிரேன் குறிப்பிலோ "5 டன்" என்று மட்டும் இருந்தால் அது 4536 கிலோவாகவும் இருக்கலாம், 5080 கிலோவாகவும் இருக்கலாம். ஊகிக்காமல் கிளையன்ட்டுக்கு ஒரு மெயில் போட்டு, பவுண்டில் எத்தனை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.